நரம்புக்கு இடம் பண்ணும் அறுவை: முதுகு டிகம்பிரஷன் என்றால் என்ன, யாரிடம் செய்வது, தேற எத்தனை நாள்

குமரி மாவட்டத்தில் "நடுவு ஆப்பரேசன்" (நடுவு என்றால் இடுப்பு முதுகு) என்று ஒருவர் சொன்னால், அது நான்கு வெவ்வேறு காரியங்களில் எதுவாகவும் இருக்கலாம். ஒருவருக்கு மூன்று சென்டிமீட்டர் கீறி, நரம்பை அழுத்திய துண்டை மட்டும் எடுத்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இன்னொருவருக்கு ஸ்குரூவும் கம்பியும் வைத்து எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். மூன்றாமவருக்கு முதுகில் ஊசி மட்டும் போட்டிருப்பார்கள். நான்காமவர் இடுப்பில் பெல்ட் மாட்டி இழுக்கும் கட்டிலில் பத்து நாள் படுத்துவிட்டு வந்து, "எனக்கும் டிகம்பிரஷன் பண்ணினாவ" என்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் இந்த நான்கு கதையும் கலந்து, "முதுகில கத்தி வச்சா கால் போயிரும்" என்ற ஒரே முடிவாக வெளியே வரும்.

இழுவைக் கட்டில் அறுவை அல்ல. விளம்பரத்தில் "டிகம்பிரஷன் சிகிச்சை" என்று எழுதியிருந்தாலும் அது டிராக்‌ஷன்தான். இந்தக் கட்டுரை அறுவையைப் பற்றியது.

சானலும் கரையும்

நம் ஊர்ப் பாசனக் கால்வாயான அனந்தனார் சானலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் குறை இல்லை, ஆனாலும் ஓர் இடத்தில் இரண்டு கரையும் சரிந்து, அடியில் மண்ணேறி, சானல் பாதியாகக் குறுகிவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. கடைமடை வயலில் நின்று என்ன உரம் போட்டாலும் பயிர் தேறாது. குறுகிய இடத்தைத் தேடிப் போய்க் கரையைச் செதுக்கவேண்டும்.

முதுகெலும்பிலும் அப்படி ஒரு வாய்க்கால் உண்டு. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அடுக்கிய முள்ளெலும்புகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஓட்டை. ஓட்டைகள் வரிசையாக நின்று ஒரு குழலாகின்றன. இதுதான் தண்டுவடக் குழல். மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இதற்குள் ஓடுகிறது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். தண்டுவடம் முதுகின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்திலேயே அது முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது தனித்தனி நரம்பு இழைகள். முறுக்குப் பிரிந்த கயிற்றின் நுனியில் தும்பு விரிந்து தொங்குவதுபோல. இவற்றுக்கு நரம்பு வேர்கள் என்று பெயர். இடுப்புப் பகுதி அறுவைகளில் பெரும்பாலானவை நடப்பது இந்த மட்டத்தில்தான். அதனால் "தண்டுவடத்தை வெட்டிவிடுவார்கள்" என்ற பயத்துக்கு அங்கே அதிக இடமில்லை. நரம்பு வேரில் காயம் படும் அபாயம் உண்டு. ஆனால் அது அரிது, இரண்டு காலும் செயலிழப்பது அதைவிட அரிது.

நுங்கு பிதுங்குவது

இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தையை ஊரில் ஜவ்வு என்கிறோம், டாக்டர்கள் டிஸ்க் என்கிறார்கள். வெளியே நார்நாராகப் பின்னிய கெட்டி வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். இளம் நுங்கைத் தோலோடு பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வயது ஏற ஏற நீர் வற்றி, முற்றிய நுங்குபோல் உள்ளே இறுகும், வெளி வளையத்தில் கீறல் விழும். கீறல் வழியாக உள்ளிருப்பது பின்பக்கம் பிதுங்கினால், அங்கே ஓடும் நரம்பு வேரில் போய் முட்டும்.

"ஜவ்வு விலகிட்டு" என்ற சொல்தான் முதல் குழப்பம். ஜவ்வு விலகுவதில்லை. மேலும் கீழும் எலும்போடு ஒட்டித்தான் இருக்கிறது. அதில் ஒரு பகுதி பிதுங்குகிறது, அவ்வளவே. விலகிய ஒன்றைத் தட்டி உள்ளே தள்ளலாம் என்ற எண்ணமும் இந்தச் சொல்லிலிருந்து வருவதுதான்.

பிதுக்கம் இல்லாமலும் குழல் குறுகும். ஐம்பது, அறுபது வயதுக்குமேல் மூன்று பக்கமும் நெருக்கும்: முன்னாலிருந்து டிஸ்க், இரு ஓரத்திலும் தேய்ந்து பருத்த மூட்டுகள், பின்னாலிருந்து தடித்துப்போன மஞ்சள் தசைநார். இந்தக் குறுக்கத்துக்கு ஸ்டெனோசிஸ் என்று பெயர்.

இதுவரை பார்த்தது: குழல் ஒன்று, அதற்குள் நரம்பு. டிஸ்க் பிதுங்கியோ, சுற்றிலும் தடித்தோ குழல் குறுகினால் நரம்பு நசுங்கும். அந்த இடத்தை அகலமாக்குவதுதான் டிகம்பிரஷன். அது நரம்பைப் பழுதுபார்ப்பதில்லை. நரம்பு தானாகத் தேற இடம் பண்ணிக் கொடுக்கிறது.

வலி நடுவிலா, காலிலா?

இந்த அறுவையைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்கமுடியும் என்றால் இதை வையுங்கள்: டிகம்பிரஷன் காலுக்கான அறுவை, நடுவு வலிக்கானது அல்ல.

நரம்பு நசுங்குவது முதுகில். ஆனால் அந்த நரம்பு போய்ச் சேருவது காலில். கடைமடை வயல் காய்வதுபோல், வலியும் மரப்பும் காலில்தான் தெரியும். நரம்பை விடுவித்தால் கால் தேறும். நடுவு வலி பெரும்பாலும் தசை, மூட்டு, டிஸ்க் தேய்மானம் எல்லாம் கலந்து வருவது. குழலை அகலமாக்குவதால் அது போய்விடும் என்று எந்த உறுதியும் இல்லை. "ஆப்பரேசன் பண்ணியும் நடுவு வேதனை மாறல்ல" என்று சொல்பவர்களில் பலருக்கு, முதலிலேயே கால் தொந்தரவு பெரிதாக இருந்திருக்காது.

எந்த நரம்பு என்பதைக் கால் விரலே சொல்லும். இடுப்பின் ஐந்தாம் நரம்பு வேர் நசுங்கினால், வலி முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேல்புறம் வழியே பெருவிரலுக்கு வரும். பெருவிரலை மேலே தூக்குவதில் பெலம் குறையும். நடக்கும்போது செருப்பு கழன்று விழும். விழுந்தது தெரியாமல் நாலடி போனபிறகுதான் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு அடுத்த எஸ் 1 வேர் என்றால் வலி பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரலுக்குப் போகும். குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நிற்க முடியாது. டாக்டர் உங்களைக் குதிகாலால் நாலடியும், விரல் நுனியால் நாலடியும் நடக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஸ்டெனோசிஸின் அடையாளம் வேறு. வடசேரி சந்தையில் ஒரு சுற்று நடப்பதற்குள் இரண்டு காலும் கனத்து, கடுத்து, எங்காவது உட்காரவேண்டிவரும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகும், மறுபடி அதே. குனிந்து நடந்தால் தேவலை, சைக்கிள் மிதித்தால் பாடு இல்லை. முன்னால் குனியும்போது குழல் கொஞ்சம் விரிவதால் இந்த வித்தியாசம்.

ஏமாற்றும் இரண்டு வேறு நோய்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். புகைபிடிப்பவருக்குக் காலின் ரத்தக்குழாய் அடைத்தாலும் நடந்தால் கெண்டைக்கால் கடுக்கும். ஆனால் அவர் உட்காரவேண்டியதில்லை, நின்றாலே சரியாகும். சைக்கிள் மிதித்தாலும் கடுக்கும். நீண்டகாலச் சர்க்கரை நோயில் இரண்டு பாதமும் சாக்ஸ் போட்ட அளவுக்கு எரியும், மரக்கும். இந்த எரிச்சலுக்காக முதுகில் அறுவை செய்தால் பாதம் பழையபடி எரிந்துகொண்டேதான் இருக்கும்.

ஸ்கேன் என்ன சொல்கிறது, என்ன சொல்லாது

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ்", "தீகல் சாக் இன்டென்டேஷன்" என்று பார்த்ததும் முகம் வாடிவிடுகிறது. முதலாவதற்கு டிஸ்க் சுற்றிலும் கொஞ்சம் புடைத்திருக்கிறது என்று பொருள், இரண்டாவதற்கு நரம்புகளைச் சுற்றிய பையில் லேசாகப் பதிந்திருக்கிறது என்று பொருள். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2015-ல் கணக்குப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. நரை முடியை யாரும் நோய் என்று எழுதுவதில்லை. ஸ்கேன் அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள்.

ஆகவே ஸ்கேனில் தெரியும் இடமும் காலில் இருக்கும் குறியும் பொருந்தவேண்டும். வலி வலது பெருவிரலில் இருக்க, படத்தில் பிதுக்கம் இடப்பக்கம் என்றால் அந்தப் பிதுக்கம் குற்றவாளி அல்ல. அறுவை கைகொடுக்காமல் போன பல இடங்களில் கை தவறியிருக்காது, இந்தப் பொருத்தம் பார்ப்பதில்தான் தவறியிருக்கும்.

காத்திருக்கலாமா?

டிஸ்க் பிதுங்கி வரும் கால் வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் அறுவை இல்லாமலே குறையும். பிதுங்கிய துண்டை உடலே மெதுவாகக் கரைத்துக்கொள்கிறது. பெரிய துண்டு என்றால் இன்னும் வேகமாகக் கரைவதும் உண்டு. வலி மாத்திரை, முடிந்தவரை நடப்பது, தேவைப்பட்டால் நரம்பு வேர் அருகே ஊசி. மாதக்கணக்கில் படுத்துக்கிடப்பது சிகிச்சை அல்ல.

வர்மமும் தடவலும் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. தசைப் பிடிப்புக்கு எண்ணெய் தேய்த்து இதம் காண்பதில் சண்டை இல்லை. ஆனால் கால் பெலம் குறைந்துகொண்டு வரும்போது மூன்று வாரம் தடவலில் போனால், அந்த மூன்று வாரமும் நரம்பின் கணக்கில் நஷ்டம். முதுகைத் திருகி "சொடக்கு" எடுப்பது, மிதிப்பது இரண்டும் இந்த நிலையில் கூடவே கூடாது.

ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று இருக்கிறது. சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போவது. சிறுநீர் முட்டுவது தெரியாமல் போவது, அல்லது முட்டியும் வராமல் நிற்பது. மலம் தெரியாமல் கழிவது. இரண்டு காலிலும் பெலக் குறைவு. தும்புபோல் விரிந்த நரம்புக் கட்டு முழுவதும் நசுங்கும் இந்த அவசர நிலைக்குக் காடா எக்வைனா என்று பெயர். 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே அறுவை நடக்கவேண்டும். தாமதித்தால் கால் தேறினாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம். ராத்திரி இரண்டு மணி என்றாலும் ஆட்டோ பிடித்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். "மூத்திரம் போவல்ல" என்பதை வெட்கப்பட்டு மறைக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொல்லவேண்டும்.

சுருக்கமாக: பெலம் சரியாக இருந்து வலி மட்டும் என்றால் ஆறு வாரம் பொறுக்கலாம். பாதம் தொங்குகிறது, பெலம் குறைந்துகொண்டே வருகிறது என்றால் சில நாளுக்குள் அறுவை நிபுணரைப் பார்க்கவேண்டும். சிறுநீர்த் தொந்தரவு என்றால் உடனே.

கழுத்துக் கதை தனி. அங்கே குழலுக்குள் இருப்பது தண்டுவடமேதான். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, நடை தள்ளாடுவது இதன் குறிகள். வலி இல்லாமலேகூட வரும். அங்கே அறுவையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. "வலி இல்லையே, பார்த்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு கழுத்துக்குப் பொருந்தாது.

தியேட்டருக்குள் நடப்பது

மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்கவைப்பார்கள். வயிறு மேசையில் அழுந்தாமல் தொங்கும்படி மெத்தைகள் வைப்பார்கள். வயிறு அழுந்தினால் முதுகுக் குழலைச் சுற்றிய சிரைகள் புடைத்து ரத்தம் அதிகம் கசியும். பிறகு ஓர் ஊசியை அடையாளமாக வைத்து எக்ஸ்ரே எடுத்து, இதுதான் எல் 4 – எல் 5 (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்பு) இடைவெளி என்று எண்ணி உறுதிசெய்வார்கள். எண்ணிக்கை ஒன்று தவறினால் வேறு மட்டத்தில் அறுவை நடந்துவிடும் என்பதால் இந்தப் படம் தவிர்க்கமுடியாத படி.

மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, தசையை ஓரமாக விலக்கினால் குழலின் பின்சுவர் தெரியும். ஓட்டு வீட்டுக் கூரைபோல் சரிந்திருக்கும் இந்த எலும்புத் தகடுக்கு லேமினா என்று பெயர். ஓரத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் எடுத்தால் லேமினாட்டமி, தகடு முழுவதும் எடுத்தால் லேமினெக்டமி. அதன் அடியில் மஞ்சள் தசைநாரைத் துளித்துளியாகக் கடித்தெடுத்தால் நரம்புப் பை தெரியும். நரம்பு வேரை மெல்ல ஒதுக்கி, பிதுங்கிய துண்டை எடுப்பார்கள். மைக்ராஸ்கோப்பின் உதவியோடு செய்தால் இதற்கு மைக்ரோடிஸ்கெக்டமி என்று பெயர். எடுப்பது பிதுங்கியதையும், உதிரியாகக் கிடப்பதையும் மட்டும்தான். மீதி டிஸ்க் அங்கேயே இருக்கும். "ஜவ்வை முழுசா எடுத்திருவாங்க" என்பது தவறு. மீதி இருப்பதால்தான் அதே இடத்தில் மறுபடி பிதுங்கும் வாய்ப்பும் இருக்கிறது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அப்படி ஆகலாம்.

எண்டோஸ்கோப் முறையில் கீறல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தழும்பு சிறிது, தசைச் சேதம் குறைவு. ஆனால் உள்ளே செய்யும் வேலை அதேதான். கீறலின் நீளத்தை வைத்து டாக்டரைத் தேர்ந்தெடுப்பது, குழம்பை விட்டுவிட்டுச் சட்டியைப் பார்ப்பதுபோல.

ஸ்குரூ வைத்து எலும்புகளைச் சேர்ப்பதற்கு ஃப்யூஷன் என்று பெயர். ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின்மேல் நழுவி ஆடும்போதும், குழலை அகலமாக்க மூட்டையும் எடுக்கவேண்டி வரும்போதும், முதுகு வளைந்திருக்கும்போதும் அது தேவைப்படும். எல்லா ஸ்டெனோசிஸுக்கும் தேவையில்லை. 50 முதல் 80 வயது வரையான 247 பேரை வைத்து ஸ்வீடனில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், டிகம்பிரஷனோடு ஃப்யூஷனும் சேர்த்தவர்கள் இரண்டு வருடம் கழித்தும் மற்றவர்களைவிட நன்றாக இல்லை. அறுவை நேரமும் செலவும் கூடியதுதான் மிச்சம். ஆகவே ஸ்குரூ என்று சொன்னால், "எந்த எலும்பு ஆடுகிறது, எந்தப் படத்தில் தெரிகிறது?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆட்டம் தெரிவது குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில். படுத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அது மறைந்துவிடலாம்.

யாரிடம் போவது?

இரண்டு வகை நிபுணர்கள் இந்த அறுவையைச் செய்கிறார்கள். ஒருவர் நரம்பு அறுவை நிபுணர், எம்.சி.ஹெச். நியூரோசர்ஜரி அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படித்தவர். மற்றவர் எலும்பு மருத்துவம் படித்துவிட்டு முதுகெலும்பில் தனிப்பயிற்சி எடுத்தவர். எது உசத்தி என்ற கேள்வியே வீண். உங்கள் வகை அறுவையை அவர் வாராவாரம் செய்கிறாரா என்பதைத்தான் பார்க்கவேண்டும். பதிவை மாநில மருத்துவக் கவுன்சில் பட்டியலில் யாரும் சரிபார்க்கலாம்.

நம் மாவட்டத்தின் இருப்பிடம் ஒரு வசதி. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் ஒன்றரை, இரண்டு மணி நேரத் தூரம். மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் இன்னும் பக்கம். வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா போன்ற பெயர்பெற்ற இடங்கள் ஒரு ராத்திரிப் பயணம். எங்கள் கருத்து இது: ஒரே மட்டத்தில் சாதாரண டிஸ்க் பிதுக்கம், ஒரே மட்டத்தில் ஸ்டெனோசிஸ் என்றால், அதைத் தொடர்ந்து செய்யும் பக்கத்து ஊர் நிபுணரே மேல். பன்னிரண்டாம் நாள் தையலில் நீர் கசிந்தால் அவரிடம் ஓடலாம், வேலூருக்கு ஓடமுடியாது. மறு அறுவை, கூன், கட்டி, கழுத்துத் தண்டுவடம், பல மட்டத்தில் ஃப்யூஷன் என்றால் தூரம் பார்க்கவேண்டாம்.

டாக்டரின் முன்னால் உட்கார்ந்ததும் கேட்கவேண்டியவை: என் காலில் எந்த நரம்பு பாதித்திருக்கிறது, படத்தில் அது எங்கே? இந்த அறுவையை மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? என் வலியில் எது போகும், எது போகாது? அறுவையை நீங்களே செய்வீர்களா, ராத்திரி பிரச்சினை என்றால் யார் வருவார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வீட்டார் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். காலைத் தொட்டுப் பார்க்காமல், ஊசியால் குத்திப் பார்க்காமல், ஸ்கேன் கவரை மட்டும் தூக்கிப் பார்த்து அறுவைக்குத் தேதி குறிப்பவரிடம் இரண்டாவது கருத்து வாங்காமல் சம்மதிக்காதீர்கள். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது அறிக்கைத் தாள் போதாது, ஸ்கேன் சிடியும் வேண்டும். முதல் டாக்டர் என்ன சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.

செலவை எழுத்தில் வாங்குங்கள். ஸ்குரூ, கம்பி பெரும்பாலும் தனிக்கணக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருக்கவேண்டும், அந்த அறுவைக்கு முன் அனுமதியும் வேண்டும். எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறவர்கள் இதை அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

அறுவைக்கு முன்

சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும். மூன்று மாதச் சராசரியான ஹெச்.பி.ஏ.1சி. 8-க்குக் கீழே இருந்தால்தான் பல டாக்டர்கள் தேதி கொடுப்பார்கள். கூடினால் புண்ணில் சீழ்பிடிக்கும் அபாயம் கூடும். பீடி, சிகரெட், புகையிலை குறைந்தது நான்கு வாரம் முன்பே நிற்கவேண்டும். ஃப்யூஷன் என்றால் இது இன்னும் முக்கியம், நிக்கோட்டின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். ரத்தம் உறையாமலிருக்கும் குளோபிடோகிரல் போன்ற மாத்திரையைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. லேகியம், சூரணம் எது சாப்பிட்டாலும் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தேறுவது: கல்லுக்கு அடியில் கிடந்த புல்

முற்றத்துப் புல்லின்மேல் ஒரு கல் மூன்று மாதம் கிடந்தது என்று வையுங்கள். கல்லை எடுத்த அன்றே புல் பச்சையாகாது. வெளிறிக் கிடப்பது சில வாரத்தில் நிறம் மாறும். வேரே காய்ந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். நரம்பும் அப்படித்தான். அழுத்தத்தில் அதன் மேலுறை மட்டும் கெட்டிருந்தால் வாரக்கணக்கில் தேறும். உள்ளிருக்கும் இழையே அறுந்திருந்தால் அது மறுபடி வளர்வது நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முதுகிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் போகும். கால் வலி முதலில், பலருக்குக் கண் விழித்ததுமே குறைந்திருக்கும். பெலம் வாரங்களிலிருந்து மாதங்களுக்குள். மரப்பு எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு வருடம் ஆகலாம், பெருவிரலில் கொஞ்சம் நிரந்தரமாகவும் தங்கலாம். இரண்டாம் வாரத்தில் வலி மறுபடி எட்டிப்பார்த்துவிட்டுப் போவதும் வழக்கம். வீங்கிய நரம்பு அடங்கும்போது அப்படி வரும்.

டிஸ்க் அறுவையில் அன்று சாயங்காலமோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்கவிடுவார்கள். எழும் முறையை அங்கேயே பழகவேண்டும். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழக்கூடாது. தோளும் இடுப்பும் ஒன்றாகத் தடிபோலப் புரண்டு ஒருக்களித்து, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் கீழ்க்கையின் முழங்கையை ஊன்றி எழவேண்டும். படுப்பது இதற்கு நேர் எதிர் வரிசையில். திருகல்தான் எதிரி.

வீட்டுக்கு வரும் வழியில் காரின் முன் சீட்டைச் சாய்த்து உட்கார்ந்து, முக்கால் மணிக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். திருவனந்தபுரத்திலிருந்து என்றால் பாறசாலையிலும் மார்த்தாண்டத்திலும் நிறுத்தலாம். வீட்டில் முதல் இரண்டு வாரம் பத்து நிமிட நடை, நாளைக்கு நாலைந்து முறை. தொடர்ந்து உட்காருவது அரைமணி நேரத்துக்குள். தரையில் சம்மணம், குந்தி உட்காரும் கக்கூஸ், தேவாலயத்தில் முழங்கால் படியிடுவது, கோயிலில் விழுந்து கும்பிடுவது எல்லாம் ஆறு வாரம் வேண்டாம். கழிவறைக்கு நாற்காலி வகை ஸ்டூல் வாங்கிவிடுங்கள். இரண்டு, மூன்று கிலோவுக்குமேல் தூக்கக்கூடாது. ஒரு குடம் தண்ணீர் அதைவிடப் பல மடங்கு.

தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை புண் நனையக்கூடாது. குளத்துக் குளியலும் கடலும் புண் முழுவதும் மூடி சில வாரம் கழித்து, டாக்டர் சொன்னபிறகு. புண்ணின்மேல் எண்ணெய், மஞ்சள், பச்சிலை எதுவும் வேண்டாம்.

பத்தியம் என்ற பெயரில் மீனும் முட்டையும் நிறுத்தி வெறும் கஞ்சி கொடுப்பது இங்கே இன்னும் நடக்கிறது. மீன் சாப்பிட்டால் சீழ் வைக்காது. புண் ஆறப் புரதம் வேண்டும். சாளையும் நெத்திலியும் அதற்கு நல்லது. வலி மாத்திரை மலச்சிக்கல் தரும், முக்கினால் முதுகில் அழுத்தம் ஏறும். கீரை, பழம், தண்ணீர் தாராளமாக. மூன்று நாள் போகவில்லை என்றால் மருந்து கேளுங்கள்.

மேசை வேலைக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் போகலாம். பைக் ஓட்ட ஆறு வாரம் வரை ஆகலாம். பின்சீட்டும் அதே கணக்கு, குழியில் விழும் அடி முதுகுக்கு ஒன்றுதான். ரப்பர் வெட்டு, பனையேற்றம், கட்டட வேலை, கடல் தொழிலுக்கு மூன்று மாதம். ரப்பர் வெட்டில் மரத்துக்கு மரம் குனிந்து திருகவேண்டும், அதனால் முதல் மாதம் பாதி மரங்களோடு நிறுத்துங்கள். கடலில் அலையில் வள்ளம் தூக்கிப் போடுவது முதுகில் நேராக இறங்கும் அடி. வெளி இன்ஜினைத் தோளில் சுமந்து கரையேற்றுவது அதைவிட மோசம். இன்ஜின் தூக்க வேறு ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஃப்யூஷன் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் இரட்டிப்பு, கடின வேலைக்கு ஆறு மாதமோ அதற்கு மேலுமோ ஆகும்.

உடனே டாக்டரைக் கூப்பிடவேண்டியவை

அறுவை முடிந்த சில மணி நேரத்துக்குள் கால் பெலம் குறைந்துகொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம். நர்ஸிடம் உடனே சொல்லவேண்டும், காலை ரவுண்ட்ஸ் வரை பொறுக்கக்கூடாது. உட்கார்ந்தால் மண்டை பிளக்கும் வலி, படுத்தால் குறைகிறது, கட்டு தெளிந்த நீரில் நனைகிறது என்றால் நரம்புப் பையில் சிறு கிழிசல் இருக்கலாம். முதல் மூன்று வாரத்தில் காய்ச்சலும் புண்ணில் சிவப்பும் சீழும் என்றால் கிருமித் தொற்று. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி. கூடவே மூச்சுத் திணறலும் இருந்தால் அவசரப் பிரிவு. நன்றாக இருந்த கால் திடீரென்று பழைய பாதையில் சுள்ளென்று இழுத்தால் மறு பிதுக்கம் இருக்கலாம். அதற்குப் புதிதாக ஸ்கேன் வேண்டும், பழைய படத்தை வைத்து முடிவெடுக்கக்கூடாது.

ஆறாம் வாரப் பரிசோதனைக்குப் போகும்போது ஒரு சிறு நோட்டை எடுத்துச் செல்லுங்கள். தினமும் நிற்காமல் எத்தனை நிமிடம் நடந்தீர்கள், கால் வலி பத்துக்கு எத்தனை, நடுவு வலி பத்துக்கு எத்தனை என்று மூன்றே எண்கள். காலையும் நடுவையும் தனித்தனி வரியில் எழுதியிருந்தால், அடுத்து வேண்டியது பிசியோதெரபியா, பொறுமையா, இன்னொரு ஸ்கேனா என்பதை டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.